டவல் ரெயிலும் விழுப்புரம் ஜங்ஷனும்!

"அப்பா, பாத்ரூம்ல டவல் ரெயில் வெச்சாச்சா?"

லண்டனிலிருந்து மகள் போனில் இப்படிக் கேட்டதும் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ரெயிலா? ரெயிலுக்கு விழுப்புரம் ஜங்ஷனுக்கு இல்லே போகணும்! பனமலையிலே ஏதும்மா ரெயில்? இங்கே பஸ்ஸுக்கே ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கறோம்..." என்றேன்.

"ஐயோ அப்பா! துண்டு காயப்போடற கம்பிப்பா. கரண்ட்ல சூடாகும். ஈரத் துண்டைப் போட்டா காஞ்சுடும். இங்கே எல்லார் வீட்லயும் இருக்கு. பாத்ரூம் கட்டறப்பவே வெச்சுடுங்க!"

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் அந்தக் குன்றின் மேல்தான் இருக்கிறது. உள்ளே ஒரு சுவரில், குடைக்குக் கீழே ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்து நிற்கும் பார்வதியின் ஓவியம். நிறம் மங்கியும் அழகு மங்காத ஓவியம். இத்தனை ரசனையுள்ள ராஜாவுக்கே துண்டு காயவைக்கக் கம்பி வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்குத் தோன்ற வேண்டியிருக்கிறதே, என்ன காலம்!

ஆனால், மகள் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதற்குக் காரணம், 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையேறிய ஃபெஞ்சல் புயல்.

அந்தப் புயலை எங்கள் மாவட்டத்துக்காரர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! தென்பெண்ணை பொங்கி, அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கள் வீட்டில் நாலு நாள் கரண்ட் இல்லை. கொடியில் போட்ட துணியெல்லாம் போட்டது போட்டபடி ஈரம். ஐந்தாம் நாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தால்... வேண்டாம், சாப்பிடுகிற நேரத்தில் படிப்பீர்கள்.

பத்து நாள் கழித்து மகளும் பேரப்பிள்ளைகளும் லீவுக்கு வந்தார்கள். ஊரெல்லாம் ஊறிக் கிடந்தது. பெரிய பேரன் துண்டை மோந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல என்னமோ செத்துப் போச்சு" என்று அறிவித்தான்.

உண்மையில் செத்துப் போகவில்லை, உயிரோடு இருக்கிறது! ஈரத் துணி நாற்றத்துக்குக் காரணம் மொராக்ஸெல்லா என்ற ஒரு வகை பாக்டீரியா என்று 2012-ல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். துவைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஈரம் கிடைத்தால் மறுபடி குடும்பம் நடத்தும். துண்டு சீக்கிரம் காய்ந்தால் அதற்குப் பிழைப்பு கஷ்டம்.

இதில் துண்டின் மேலும் தப்பு இருக்கிறது. நம்ம ஊர் ஈரிழைத் துண்டு இருக்கிறதே, பிழிந்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடை வரை போய் வருவதற்குள் காய்ந்துவிடும். பேரன்கள் கேட்பது தேங்காய்ப்பூ துண்டு. டர்க்கி டவல்! பெயருக்கு ஏற்றபடி அது துருக்கியிலிருந்து கிளம்பியதுதான். துருக்கிக்குப் போன கிறிஸ்டி குடும்பத்து வெள்ளைக்காரர் ஒருவர் அதைப் பார்த்து அசந்துபோய் இங்கிலாந்துக்குக் கொண்டு வந்து, மெஷினில் நெய்ய ஏற்பாடு செய்தார். 1851-ல் லண்டன் மகா கண்காட்சியில் அதை வைத்தார்கள். பூப்பூவாய் எழும்பி நிற்கும் அந்த நூல் வளையம் ஒவ்வொன்றும் தண்ணீரைக் குடிக்கும். குடித்ததை லேசில் விடாது. நம்ம ஊர்ச் சில ஆசாமிகள் மாதிரி!

ஆக, தடித்த துண்டு, மூடிய பாத்ரூம், வெயில் இல்லாத ஊர். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் டவல் ரெயில் பிறந்தது. லண்டன் வீடுகளில் குளிருக்காக வெந்நீர்க் குழாயைச் சுவரெல்லாம் ஓட விடுகிறார்கள். அந்தக் குழாயையே ஏணி மாதிரி வளைத்துப் பாத்ரூமில் மாட்டினால் ரூமும் சூடாகும், துண்டும் காயும். அங்கே வெந்நீரில் ஓடுவது, வெந்நீர்க் குழாய் இல்லாத நம் வீட்டில் கரண்டில்தான் ஓட வேண்டும்.

எங்கள் பழைய பாத்ரூம் கொல்லையில், கிணற்றடியில் இருந்தது. நாலு பக்கம் சுவர், மேலே ஆகாயம். சூரிய பகவானே டவல் ரெயில்! இப்போது முட்டிவலிக்குப் பயந்து, வீட்டுக்குள்ளேயே டைல்ஸ் ஒட்டிப் பாத்ரூம் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆகாயம் போச்சு, வெயிலும் போச்சு. அப்புறம் என்ன, வாங்கிவிட வேண்டியதுதானே?

"வேணாம்."

ஒரே வார்த்தை. சொன்னது என் மனைவி.

"ஏன்?"

"கம்பியிலே கரண்டு. அதுமேலே ஈரத்துணி. நம்ம வூட்ல வேணாம்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

* * *

1998 ஐப்பசி. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் அவளுடைய அக்கா வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டாய். கொட்டாய்க்கு மேலே சர்வீஸ் ஒயர் போகும். காற்றில் ஆடி ஆடித் தகரத்தில் உராய்ந்து, ஒயரின் மேல்தோல் தேய்ந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. கொட்டாய்க் காலிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். ராத்திரி முழுக்க மழை. காலையில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கவும், அக்கா பிழிந்த புடவையை எடுத்துக்கொண்டு போய்க் கம்பியில் போட்டிருக்கிறாள்.

அவ்வளவுதான். முப்பத்தாறு வயசு. இரண்டு பெண் குழந்தைகள்.

காரியம் முடிந்து ஊர் திரும்பிய அன்றே என் மனைவி செய்த முதல் வேலை, எங்கள் கொல்லையில் இருந்த கம்பிக்கொடியை அறுத்துப் போட்டதுதான். அன்று முதல் இந்த வீட்டில் நைலான் கயிறுதான். மழைக்காலத்துக்கு மழைக்காலம் மின்வாரியம் எச்சரிக்கை விடுமே, 'மின்கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் கொடி கட்டாதீர்கள், மாடு கட்டாதீர்கள்' என்று. அதைப் படிக்கிறபோதெல்லாம் அவள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவளிடம் போய், காசு கொடுத்துக் கரண்ட் கம்பி வாங்கி மாட்டுகிறேன் என்றால்?

மகளுக்குச் சொன்னேன். அவளும் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, இங்கே பாத்ரூமுக்குள்ளே சுவிட்சே வைக்க மாட்டாங்க. கூரையிலேர்ந்து ஒரு கயிறு தொங்கும், அதை இழுத்தாத்தான் லைட் எரியும். அவ்வளவு பயப்படறவங்களே டவல் ரெயில் வெச்சிருக்காங்கன்னா, பயப்படாத மாதிரி செய்யறதுக்கு ஒரு வழி இருக்குன்னுதானே அர்த்தம்? அதை விசாரிங்க. சரிப்பட்டா வாங்கலாம், இல்லேன்னா வேணாம்" என்றாள்.

கணக்கு வாத்தியார் பெண்ணல்லவா!

* * *

விழுப்புரம் நேருஜி சாலை. பாத்ரூம் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடை. குழாய்களையும் கண்ணாடிகளையும் பார்த்தால், குளிக்கவே கூச்சமாக இருந்தது. விற்பனையாளர் டை கட்டிய இளைஞர்.

"டவல் ரெயில்..." என்றேன்.

"ஸ்டாண்டுங்களா சார்?"

"சூடாகிறது."

இளைஞர் என்னை ஒருமுறை பார்த்தார். என் தோளில் இருந்த ஈரிழைத் துண்டை ஒருமுறை பார்த்தார். வெளியே கொளுத்திய சித்திரை வெயிலை ஒருமுறை பார்த்தார்.

"ஊட்டிக்குங்களா சார்?"

"பனமலைக்கு!"

கேட்டலாக்கை எடுத்துக்கொண்டு வந்தார். அன்றும், அதற்கப்புறம் புதுச்சேரியில் இரண்டு கடையிலும் ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் லண்டனில் ஒரு மகள் இருக்கலாம்!

உள்ளே இரண்டு ஜாதி. ஒன்று, குழாய்க்குள் தண்ணீரும் கிளைக்கால் என்ற திரவமும் அடைத்து, அதை ஒரு ஹீட்டர் சுட வைக்கும். இன்னொன்று, குழாய்க்குள் சூடாகும் ஒயரே ஓடும். முதலாவது சூடேற நேரம் பிடிக்கும், ஆறவும் நேரம் பிடிக்கும். இரண்டாவது சீக்கிரம் சூடாகும், கனமும் குறைவு. மார்கழியில் மட்டும் உபயோகிக்கிறவர்களுக்கு இரண்டாவதே போதும்.

அடுத்தது உலோகம். எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. மேலே குரோமியம் பூசிய சாதா இரும்பு பளபளவென்று சிரிக்கும். பூச்சு எங்கேயாவது விட்டால் துரு. துரு போய் வெள்ளைத் துண்டில் அமர்ந்தால் வண்ணானும் கைவிரிப்பான். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டு போங்கள். கப்பென்று ஒட்டினால் சந்தேகப்படுங்கள். (நான் காந்தத்தை எடுத்ததும் கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!)

கரண்ட் செலவு? பயந்த அளவுக்கு இல்லை. வீட்டுக்கு ஏற்ற சின்ன ரெயில் 60 வாட்டிலிருந்து 150 வாட்டுக்குள் இருக்கும். 100 வாட் என்று வையுங்கள். தினம் இரண்டு மணி நேரம் போட்டால், இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். அணைக்க மறந்து ராத்திரி பகலாக விட்டால் 144 யூனிட்! 2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசாங்கம் கொடுத்ததே, அத்தனையையும் ஒரு துண்டே தின்று ஏப்பம் விட்டுவிடும். ஆகவே, தானாக அணையும் டைமர் உள்ளதாக வாங்குவது உத்தமம்.

மாட்டும் இடம் முக்கியம். ஷவருக்குக் கீழே கூடாது. தண்ணீர் விழும் இடத்திலிருந்து இரண்டடியாவது, அதாவது 60 சென்டிமீட்டர், தள்ளி இருக்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்பதற்கு ஐ.பி.எக்ஸ். 4 என்று ஒரு முத்திரை உண்டு. அது இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு காயவைக்கும் கருவிகளுக்கென்றே இருக்கும் சர்வதேச விதியில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள். அடிக்கம்பி தரையிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், சின்னக் குழந்தைகள் கை வைத்துவிடாமலிருக்க. பேரப்பிள்ளை உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது. சுவிட்ச், பாத்ரூமுக்கு வெளியே.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று. துண்டிலிருந்து கிளம்பும் ஈரம் எங்கே போகும்? ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இல்லையென்றால் துண்டு காயும், சுவர் நனையும். துண்டை நாலாக மடித்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை. விரித்துப் போட வேண்டும்.

இவ்வளவையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிங்க. ஷாக் அடிக்காதுன்னு எழுதி இருக்குதா?"

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

* * *

எங்கள் எலெக்ட்ரீஷியன் தம்பி என்னிடம் படித்தவன். கணக்கில் முப்பத்தைந்து வாங்கித் தப்பித்தவன். "சார், ரெயில் எல்லாம் அப்புறம். மொதல்ல உங்க வூட்டு எர்த்தைப் பார்க்கறேன்" என்று போர்டைக் கழற்றினான். ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பரீட்சை பேப்பரைத் திருத்தும்போது நான் எப்படி உட்கார்ந்திருப்பேனோ அப்படி உட்கார்ந்திருந்தான்.

"சார், மூணு ஓட்டை பிளக் இருக்குது. மேல் ஓட்டைக்கு ஒயரே இல்லே."

"அப்போ?"

"சும்மா அழகுக்கு! அடுப்படியிலே மட்டும் ஒயர் வருது. ஆனா அதை நியூட்ரலோட சேர்த்து லூப் அடிச்சு வெச்சிருக்காங்க. வெளியே நியூட்ரல் எங்கேயாவது அறுந்துதுன்னு வைங்க, ஃபிரிட்ஜ் மேலே கரண்டு வந்து உக்காரும்."

முப்பது வருஷமாக இந்த வீட்டில் குடியிருக்கிறேன். மூன்றாவது ஓட்டை எதற்கு என்று ஒருநாளாவது கேட்டிருப்பேனா?

"மார்க் எவ்ளோப்பா?" என்றேன்.

"ஃபெயில் சார்," என்றான். பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்ட மாதிரி ஒரு சிரிப்பு வேறு!

அப்புறம் அவன் எனக்குப் பாடம் எடுத்தான். "ஃபியூஸ், எம்.சி.பி. எல்லாம் ஒயரைக் காப்பாத்தறதுக்கு சார். மனுஷனைக் காப்பாத்தறதுக்கு இல்லே." 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 6,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். மனுஷ உடம்பில் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே பிடித்த கையை விட முடியாது. 30-ஐத் தாண்டினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. அதாவது எம்.சி.பி. விழித்துக்கொள்ளும் அளவில் 200-ல் ஒரு பங்கே ஆளைக் கொல்லப் போதும். நான் உயிர் விட்டுக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும்!

இதற்கென்றே இருக்கிற காவல்காரன் ஆர்.சி.சி.பி. வேலை ரொம்ப சுலபம். ஸ்கூலில் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும்போது தலையை எண்ணி அனுப்புவோம், திரும்பும்போது எண்ணி உள்ளே விடுவோம். நாற்பது போய் முப்பத்தொன்பது வந்தால் உடனே மணி அடிப்போம் இல்லையா? அதேதான். ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்ப வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ சுவர் வழியாகவோ அது பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். அரை நொடிகூட ஆகாது. 'டப்'! வீடே அணைந்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலும் இந்த மாதிரிக் காவல்காரனுக்கு இடம் இருக்கிறது. எங்கள் வீட்டில்தான் இல்லை.

"அப்போ இது இருந்தா சாவே இல்லையா?" என்று என் மனைவி கதவோரத்திலிருந்து கேட்டாள்.

தம்பி யோசித்துச் சொன்னான். "அப்படி இல்லேம்மா. ரப்பர் செருப்போட நின்னு ஒரு கையிலே ஃபேஸையும் ஒரு கையிலே நியூட்ரலையும் பிடிச்சா, நாமளும் ஒரு பல்புன்னு நெனைச்சு அது சும்மா இருந்துடும். ஆனா கம்பி, தகரம், ஈரத்துணி, வெறுங்கால்... இந்த மாதிரி நடக்கறதுல முக்காவாசி பூமி வழியாப் போறதுதான். அதை விடாது."

கம்பி, தகரம், ஈரத்துணி. அவனுக்கு அக்கா கதை தெரியாது. அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எங்களுக்குக் காபி வந்தது.

"எர்த் எங்கே தோண்டறது?" என்று கேட்டு வெளியே வந்தாள்.

* * *

மலையடி ஊரில் எர்த் போடுவது லேசான காரியமில்லை. வாசல் பக்கம் தோண்டினால் ஐந்தாவது அடியில் 'டங்'! பாறை. கோயிலுக்குக் கல் கிடைத்த ராசிக்கு, எர்த்துக்கு மண் கிடைக்கவில்லை. பாறை கரண்டை வாங்காது. ஈரமண்தான் வாங்கும். கடைசியில் கொல்லையில், குளித்த தண்ணீர் பாயும் வாழையடியில் இடம் பார்த்தோம். அங்கே இரும்புக் குழாய் எட்டடிக்கு இறங்கியது. சுற்றிலும் ஒரு அடுக்குக் கரி, ஒரு அடுக்கு உப்பு. உப்பு நம்ம மரக்காணத்துக் கல்லுப்பு. என் மனைவி கூடவே நின்று, ஊறுகாய் ஜாடிக்குப் போடுவதுபோல உப்பைத் தூவினாள். மீட்டர் வைத்துப் பார்த்தான். ஐந்து ஓமுக்குள் வந்தால் தேவலை என்றான். நாலு சொச்சம் காட்டியது. கோடையில் குழி காயாமல் தண்ணீர் விட வேண்டும் என்றும் உத்தரவு.

பிறகு எல்லா பிளக்குக்கும் பச்சை ஒயர் இழுத்து, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தான். விலை சுமார் இரண்டாயிரம் ரூபாய். "இப்போ ஒண்ணொண்ணா போடுங்க சார்."

ஃபேன், சரி. ஃபிரிட்ஜ், சரி. மோட்டார், சரி. மிக்ஸி, சரி. கிரைண்டருக்கு மூன்று கால் உள்ள புதுப் பிளக் மாட்டினான். பழைய பிளக்கின் மூன்றாவது காலை நானே என்றைக்கோ உடைத்து இரண்டு ஓட்டை போர்டில் சொருகியிருந்தேன்.

கிரைண்டரைப் போட்டான்.

டப்!

மறுபடி போட்டான். மறுபடி டப்!

பிளக்கைக் கழற்றி, பழையபடி எர்த் இல்லாமல் தனியாக ஓடவிட்டு, கிரைண்டர் உடம்பில் மீட்டரை வைத்துப் பார்த்தான். நூற்றுப் பத்து வோல்ட்.

"சார்... மோட்டார் காயில் லீக் ஆகுது. இதுலயா மாவாட்டறீங்க? அம்மாவுக்கு ஷாக் அடிக்கலையா?"

என் மனைவி சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: "லேசா இழுக்கும். அது நாலு வருஷமா அப்படித்தான். ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது."

"நாலு வருஷமாவா? என்கிட்ட ஏன் சொல்லலே?" என்று நான் குரலை உயர்த்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் பார்த்தாள்.

"சொன்னேனே... செருப்புப் போட்டுக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க!"

சொல்லியிருக்கிறேன். பேப்பர் படித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். கம்பியில் கரண்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே நடுங்குகிறவளை, வாரத்துக்கு இரண்டு நாள், ஈரக் கையோடு, கரண்ட் கசிகிற எந்திரத்துக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். அவள் பயந்தது வராத ரெயிலுக்கு. நான் பயந்திருக்க வேண்டியது வீட்டிலேயே இருந்த கிரைண்டருக்கு. நாலு வருஷத்தில் ஒரே ஒரு நாள் செருப்பைப் போட மறந்திருந்தால்?

அன்றைக்கு எனக்கு மத்தியான சாப்பாடு இறங்கவில்லை. அவள்தான், "அதான் ஒண்ணும் ஆவலையே, சாப்பிடுங்க" என்றாள்.

சாயந்திரமே கிரைண்டர் மோட்டார் காயில் கட்டுவதற்காக விழுப்புரம் பஸ் ஏறியது, என் மடியில்.

இதைப் படிக்கிற நீங்கள் டவல் ரெயில் வாங்குங்கள், வாங்காமல் போங்கள். அது உங்கள் இஷ்டம். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது 'லேசா இழுக்குது' என்று சொன்னால் மட்டும், கையில் இருக்கிற பத்திரிகையை, அது இதே பத்திரிகையாக இருந்தாலும் சரி, கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

* * *

ரெயில் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. நாலு கம்பி, 80 வாட், டைமர் சகிதம். ஷவருக்கு எதிர்ச் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தம்பி மாட்டினான். சுவிட்ச் வெளியே, சிவப்பு விளக்கோடு.

முதல் நாள். என் மனைவி சுவிட்சைப் போட்டுவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். பிறகு நேராக மெயின் போர்டுக்குப் போனாள். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சின்னப் பட்டன் ஒன்று உண்டு. காவல்காரன் விழித்திருக்கிறானா என்று பார்க்கும் பட்டன். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான்.

அழுத்தினாள். டப்! டி.வி. அணைந்தது. ஃபேன் நின்றது. நான் ஒரு முக்கியமான கட்டத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மறுபடி போட்டாள். பாத்ரூமுக்குப் போனாள். முதலில் புறங்கையால் கம்பியைத் தொட்டாள். அப்புறம் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஈரத் துண்டை விரித்துப் போட்டாள்.

இப்போது ஒவ்வொரு இங்கிலீஷ் மாசமும் ஒண்ணாந்தேதி, விளக்கேற்றிக் கும்பிட்ட கையோடு அந்தப் பட்டனை அழுத்துவது அவள் வழக்கமாகிவிட்டது. மார்கழி தவிர்த்து மற்ற மாதங்களில் ரெயிலுக்கு ஓய்வு. பேரன்கள் வந்தால் தேங்காய்ப்பூ துண்டுகள் அதில் ஜம்மென்று பிரயாணம் செய்கின்றன.

என் ஈரிழைத் துண்டுக்கு மட்டும் அதில் இடமில்லை.

"உங்க துண்டுக்கு எதுக்குங்க ரெயிலு? தோள்ல போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டு வாங்க, காஞ்சுடும்!"